பெயர் தெரியாத சத்தம்

நோயாளியின் நெஞ்சில் வைக்கிற ஸ்டெதஸ்கோப்பை ஒரு மோட்டார் சைக்கிளின் என்ஜினில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்ட மனிதரை நான் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரியின் பின்முற்றத்தில், கால்சட்டையின் முழங்காலெல்லாம் செம்மண் ஒட்ட, அவர் மண்டியிட்டிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் டாக்டர் ஐயா. நான் அவரிடம் கம்பவுண்டராக இருந்தேன். சூட்டில் ரப்பர் உருகிவிடும் என்று நான் சொன்னதற்கு, "உருகுனா உருகட்டும்லே. இது என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேப்போம்" என்றார். நெடுநேரம் கேட்டார். எழுந்தபோது அவர் முகத்தில், காய்ச்சல் எதனால் என்று பிடிபடாத நாட்களில் மட்டும் வருகிற ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபம் நோயாளியின்மேல் அல்ல, தன்மேல்தான்.

அந்த வண்டி அவருக்கு வந்த கதை வேடிக்கையானது. ஜெர்மன் சண்டை தொடங்கியதும் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், கொண்டுபோக வழியில்லாமல் அதை எங்கள் கொட்டகையில் விட்டுப் போனார். அவர் வாங்கும்போதே அது பழைய வண்டி. இரண்டு மழைக்காலம் கொட்டகையில் கிடந்து துருவேறி, ஆஸ்பத்திரிக் கோழி அதன்மேல் ஏறி உறங்கும் நிலைக்கு வந்திருந்தது. டாக்டர் ஐயாவுக்கு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய் அலுத்துவிட்டது. போய்ச் சேரும்போது பாதிப் பேர் தாங்களே பிழைத்திருப்பார்கள், மீதிப் பேர் போயிருப்பார்கள் என்று கசப்போடு சொல்லுவார். பஞ்சாலையில் நீராவி என்ஜின் பார்க்கும் பிட்டர் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டுவந்து, இருவருமாக வண்டியைக் கடைசித் திருகுவரை கழற்றினார்கள். காலியாக இருந்த வார்டில் பாய் விரித்து, உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பரப்பி வைத்தார்கள். பிஸ்டனையும் அதைத் தாங்கும் தண்டையும் திரும்ப மாட்டும்போது, தண்டின் அடியில் இருக்கவேண்டிய புஷ் என்கிற வளையம் தேய்ந்து போயிருந்தது. சண்டைக்காலத்தில் சீமையிலிருந்து ஒரு ஆணிகூட வராது. கடைசியில் டாக்டர் வீட்டம்மா தன் சீர்வரிசையில் வந்த உடைந்த வெண்கலப் பானையைக் கொடுத்தார்கள். அதை உருக்கி, கடைந்து, அண்ணாச்சி ஒரு வளையம் செய்தார். அதன்பிறகு அம்மா எங்களைப் பார்க்கும்போதெல்லாம் "என் பானை ஓடுதா, நிக்குதா?" என்று கேட்பார்கள்.

பானை ஓடியது. ஆனால் சத்தமும் வந்தது. என்ஜினின் வழக்கமான படபடப்புக்கு அடியில், மூடின கதவை ஒற்றை விரல் முட்டியால் தட்டுவதுபோல், தட் தட் என்று ஒரு சத்தம். பிரிப்பதற்கு முன் வண்டி ஓடாமலே கிடந்ததால், அது பழைய சத்தமா புதியதா என்று சொல்லவும் ஆளில்லை. என்ஜினுக்குள் தீப்பொறி முந்தி விழுவதால் இருக்குமோ என்று கைப்பிடியைத் திருகிப் பிந்தி விழச் செய்தார்கள், சத்தம் போகவில்லை. சக்கரத்தைச் சுற்றவைக்கும் தோல் வாரைக் கழற்றிவிட்டுச் சும்மா ஓட்டினார்கள், போகவில்லை. கெட்டியாக விளக்கெண்ணெய் விட்டார்கள். கொஞ்சம் அடங்கி, மறுபடியும் வந்தது. டாக்டர் ஐயா ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப் போய் வந்தும் பார்த்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணாச்சி இரும்புக் கம்பியின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மேல பிஸ்டன்ல இருந்து வந்தா ஒண்ணும் இல்ல டாக்டரய்யா, தட்டிக்கிட்டே ஓடிக் கெடக்கும். அடியில நம்ம புஷ்ல இருந்து வந்தா ஆபத்து. தண்டு ஒடிஞ்சு சக்கரம் பூட்டிக்கிடும். ஆளைத் தூக்கி எறிஞ்சிரும்."

"எங்கன இருந்து வருது? அதச் சொல்லும்."

"அதான வே தெரியல" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார், எனக்கென்னவோ தெரியும் என்பதுபோல.

பெயர் தெரியாத நோயோடு ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது டாக்டர் ஐயாவின் கொள்கை. வார்டில் எத்தனையோ உயிர்களை அந்தக் கொள்கைதான் காப்பாற்றியது. அதையே அவர் வண்டிக்கும் வைத்தார். சத்தத்துக்குப் பெயர் தெரிகிறவரை வெளியூர்ப் பயணம் கிடையாது என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் ஏமாற்றம். வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா அப்போது நிறைமாதம். முதல் பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்துத் தானும் செத்துப் பிழைத்தவள். இந்தமுறை தந்தி கொடுத்தால் உடனே வருகிறேன் என்று டாக்டர் ஐயா வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி முதன்முதலில் ஓடிய அன்றே நான் அக்காவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இனி மாட்டுவண்டி இல்லை, மோட்டார் சைக்கிள், பொழுது சாயுமுன் உன் வாசலில் சத்தம் கேட்கும், பயப்படாதே என்று எழுதினேன்.

தந்தி ஒரு மத்தியானம் வந்தது. முந்தின நாளே வலி கண்டுவிட்டதாம், குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். டாக்டர் ஐயா கருவிப் பையை எடுத்துக்கொண்டு நேரே முற்றத்துக்குப் போனார். வண்டியைக் கிளப்பினார். தட் தட். மறுபடியும் மண்டியிட்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நான் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போங்கள் என்று சொல்லி, அவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆலையிலிருந்து ஓடிவந்த அண்ணாச்சியும் "ஓடும்னும் சொல்ல முடியல, ஓடாதுன்னும் சொல்ல முடியல" என்று கையைப் பிசைந்தார். டாக்டர் ஐயா எழுந்து என்ஜினை நிறுத்தினார். "வழியில நான் விழுந்து கெடந்தா அவளுக்கு யாரு இருக்கா? வில்வண்டியப் பூட்டச் சொல்லு" என்றார். அதில் என்ன தப்பு? அன்றும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

நல்ல மாடுகள்தான். ஆனாலும் நாங்குநேரி போய்ச் சேரவே நன்றாக இருட்டிவிட்டது, மாற்று மாடு கிடைக்க நடுச்சாமம் தாண்டிவிட்டது. மறுபடி கிளம்பியதும் டாக்டர் ஐயா, "தம்பி, இந்த வில்வண்டியப் பின்னால வரச் சொல்லிட்டு நான் மட்டும் மோட்டார மெல்ல ஓட்டிட்டு முன்னால போயிருக்கலாமோ?" என்று கேட்டார். இவ்வளவு எளிய யோசனை எங்கள் மூவரில் ஒருவருக்கும் முற்றத்தில் தோன்றவில்லை. நான் வண்டிக்காரரிடம் மாட்டை இன்னும் விரட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

விடிந்தபின் வள்ளியூரில் எங்கள் வண்டி தெருவுக்குள் திரும்பும்போதே வாசலில் கூட்டம் தெரிந்தது. அழுகை ஓய்ந்து போயிருந்தது. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போயிருக்கிறாள், குழந்தையும் வயிற்றோடு. டாக்டர் ஐயா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பையைத் திறக்காமலே வெளியே வந்தார். நேற்றுப் பொழுது சாய வந்திருந்தால் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அத்தான்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார்:

"நீ எழுதுன காயிதத்த எல்லாருட்டயும் காட்டிக்கிட்டு இருந்தாப்பா. ராத்திரி பூரா அதே கேள்விதான். மோட்டார் சத்தம் கேக்குதா, வெளிய போய்ப் பாருங்கன்னு. நானும் போய்ப் போய்ப் பாத்துட்டு, இந்தா வந்துட்டாக, ஆத்துப் பக்கம் சத்தம் கேக்குன்னு பொய் சொன்னேன். கடைசில நம்பிட்டா."

டாக்டர் ஐயா பக்கத்தில் நின்று அதைக் கேட்டார். அதன்பிறகு ஆஸ்பத்திரி வேலை தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. வண்டி கொட்டகையில் நின்றது. அண்ணாச்சி அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அம்மாவும் பானையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு டாக்டர் ஐயாமேல் கோபமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கோபப்பட எனக்கு ஆசையாக இருந்தது. அவரைப் பார்த்தால் அது வரவில்லை, அவ்வளவுதான். இப்போது பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூருக்குப் பஸ் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து கண்ணயர்வதற்குள் ஊர் வந்துவிடுகிறது. பிள்ளைகள் என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் அந்தப் பஸ்ஸில் ஏறுவதில்லை.

அக்காவின் காரியங்கள் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை கொட்டகை காலியாக இருந்தது. டாக்டர் ஐயா யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போயிருக்கிறார். டாக்டர் வீட்டம்மா, நான் மருந்து கொடுக்கும் இடத்துக்கே வந்து "அவுக எங்க தம்பி?" என்று கேட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியும். வாசலில் போய் நின்றேன். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வண்டி மட்டும் நாங்குநேரிக்கு இந்தப் பக்கமாவது அந்தப் பக்கமாவது உடைந்து நின்றுபோக வேண்டும், யாராவது ஒருவருடைய மாட்டுவண்டியில் அதை ஏற்றிக்கொண்டு அவர் வரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் அன்றைக்கு வில்வண்டியைப் பூட்டியது சரி என்றாகும்.

பொழுது சாயுமுன் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்தே கேட்டது, தட் தட் என்று, அதே கணக்கில். தலைமுதல் கால்வரை புழுதியோடு வாசலில் வந்து நிறுத்தினார். என்ஜினை அணைக்காமல், அதன்மேலேயே உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார்.

"வள்ளியூர் வரைக்கும் போயிட்டு வாரேன் தம்பி. சத்தம் அப்படியேதான் இருந்துது. எங்கனயும் நிக்கல."

என்னிடம் அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை நானும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டு போயிருக்கிறார் என்பது அந்தப் புழுதி முகத்திலேயே தெரிந்தது.