அம்மாவுக்குச் சுடவைத்த தண்ணீர்

"வள்ளத்தில இருந்து இறங்கத்தான் உன்னைப் படிப்பிச்சனான். நீ படிச்சுப்போட்டுத் திரும்ப வள்ளத்திலயே ஏறுறாய்."

போன ஆண்டு செப்டம்பரில், மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் உள்ள நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் வாடகை வீட்டில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது இது. அம்மாவும் அப்பாவும் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர்கள். இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் கடலும் மீன்பிடி வள்ளமும்தான் தொழில். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தை முடித்து, பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்பதால்தான் இதை எழுதவேண்டி வந்திருக்கிறது.

நான் முதுகலை படிப்பது மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் வேளாண்மை வளாகத்தில். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். பஸ்ஸில் தூங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, மறுபடி நடந்து வந்து களைத்துப்போயிருந்தேன். அந்த நேரத்தில் வளாகத்தில் ஒருவர் சொன்னார்: கால்வாயோரத்தில் கட்டியிருக்கும் ஒரு படகின் சொந்தக்காரர் சில வாரங்களுக்கு வெளிநாடு போகிறார், தண்ணீர் உறையும் முன் ஒக்டோபர் முடிவில் படகைக் கரைக்குத் தூக்கும்வரை அதில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வாடகை கிடையாது. வேறு எதையும் கேட்காமல் சரி என்றேன்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடுவதைப் போன்ற நீளமான, ஒடுங்கிய படகு அது. சொந்தக்காரர் தானே கட்டியது. நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு சுவரும் விரலில் படும். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு எரிவாய் உள்ள காஸ் அடுப்பு, கடைசியில் திரைக்குப் பின்னால் அரை அளவுக் குளியல் தொட்டி. தண்ணீர் சூடாக்கும் கருவி பழுது. கிழமை நாட்களில் வளாகத்திலேயே குளித்துவிடுவேன். சனி, ஞாயிறில் அடுப்பில் தண்ணீர் சுடவைக்க வேண்டும். பெரிய பானைகள் இரண்டையும் ஒருமுறை கொதிக்கவைத்து ஊற்றினால் கணுக்கால் நனையும். உட்கார்ந்து குளிக்க ஐந்து முறையாவது வேண்டும். நான்காவது முறை ஊற்றும்போது முதலில் ஊற்றியது ஆறத் தொடங்கிவிடும். ஒன்றரை மணித்தியால வேலை. அலுத்துப்போய்ப் பெரும்பாலும் கணுக்கால் அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா முதல்முறையாக என்னைப் பார்க்க வந்தார். முதல் நாள் முழுவதும் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. காலையில் தேவாலயத்தில் பூசை. அதற்குப் பிறகு இரண்டு பஸ். இடம் தெரியாமல் இரண்டு பஸ் தரிப்பு முன்னதாகவே இறங்கி, கொட்டும் மழையில் நடந்திருக்கிறார். கரைக்கு வந்து நின்றபோது உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. கோட்டுக்குள் அணைத்து வைத்திருந்த புட்டுப் பொதி மட்டும் நனையவில்லை.

உள்ளே வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க அதிகம் இல்லை.

"இதுக்குள்ளயோ இருக்கிறாய்?"

"ஓம் அம்மா. நல்லாத்தானே இருக்கு?"

"மீன் போடுற பெட்டி இதைவிட அகலம்."

நான் சிரித்தேன். ஆனால் உள்ளே குத்தியது. பிள்ளை படித்து ஒரு நிலைக்கு வந்துவிட்டாள் என்று அம்மா நம்பித்தான் தீராத தோள் நோவோடு பொதி தூக்குகிறார். அந்த நம்பிக்கை இந்தப் படகைப் பார்த்து உடைந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அன்று அம்மாவை இடுப்பளவு சுடுதண்ணீரில் உட்கார வைத்தே தீருவதென்று முடிவுசெய்தேன்.

கரையில் இருந்த குழாயில் பானையை நிரப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படகில் இருக்கும் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர் எட்டிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். தன்னுடைய படகில் சுடுதண்ணீர் வருகிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து தாராளமாகக் குளிக்கச் சொல் என்றார்.

"நோன், மெர்சி. எங்களிடம் எல்லாம் இருக்கிறது" என்று மறுத்தேன்.

அடுப்பின் இரண்டு பக்கத்தையும் பற்றவைத்தேன். அம்மா என் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கட்டிலில் ஒடுங்கியிருந்தார்.

"காத்து வருது பிள்ளை. தலை நனைஞ்சு கிடக்கு. சன்னி கின்னி பிடிச்சிடப்போகுது!"

எங்களுடைய ஆட்களுக்குத் தலை நனைந்திருக்கும்போது காற்றுப் படக் கூடாது. பட்டால் சன்னி என்ற காய்ச்சல் வருமாம். அது நோயை விடப் பெரிய பயம். யன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தினேன். அப்படியும் குளிர் வந்தது. கதவடியில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாக இரண்டு காற்றுத் துவாரங்கள் இருந்தன. ஒருபோதும் அடைக்கவேண்டாம் என்று அவற்றின் பக்கத்தில் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தது. வந்த முதல் நாளே நான் அதை வாசித்திருந்தேன். ஒன்றில் தலை துவட்டும் துவாயைத் திணித்தேன். மற்றதில் என் கம்பளிச்சட்டையைத் திணித்தேன்.

"இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றார் அம்மா. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பானைகள் அடுப்பை விடப் பெரியவை. கொஞ்ச நேரத்தில் நீலச் சுடரின் ஓரம் மஞ்சளானது. ஒன்றைச் சொல்லவேண்டும். வளாகத்து ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு நான்தான் உதவியாளர். சுடர் மஞ்சளானால் அது சரியாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைட் வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, உடனே அணையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். படகின் சுவரில் அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருந்தது. அதன் பற்றரி செத்திருந்தது. மாற்றவேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சளைப் பார்த்தேன். இரண்டு தரம் ஊற்றியாயிற்று, இன்னும் மூன்று தரம் போதும் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை ஊற்றியதும் அம்மா தொட்டியில் இறங்கிவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து, வேலையிடத்தில் ஒரு பெண் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியை மாற்றி எடுத்துக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது முறை ஊற்றும்போது என் தலை கனத்தது. அம்மாவின் கதை நடுவில் நின்றுவிட்டது.

"அம்மா?"

"ம்… களைப்பா இருக்கு பிள்ளை."

நான் சந்தேகப்படவில்லை. அம்மா களைப்பில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஐந்தாவது முறைக்கான பானையைத் தூக்கக் குனிந்தேன். முழங்கால் மடிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. எழும்பவேண்டும் என்று தோன்றவே இல்லை.

கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்துப் படகுக்காரர். நான் வேண்டாம் என்றபிறகும் தேநீர்க் கேத்தில் ஒன்று நிறையக் கொதிதண்ணீர் கொண்டுவந்திருந்தார். பதில் வராததால் கதவைத் திறந்திருக்கிறார். அடுப்பை அணைத்ததும், துவாயைப் பிடுங்கி எறிந்ததும், தொட்டியிலிருந்து அம்மாவைக் கம்பளியில் சுற்றி வாரி எடுத்துக்கொண்டு போனதும் கனவில் நடந்ததைப் போல நினைவிருக்கிறது. பிறகு என்னை அக்குளில் பிடித்து இழுத்தார். முகத்தில் மழை விழுந்தபோதுதான், பக்கத்தில் அம்மா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அவர் கூப்பிட்ட அம்புலன்ஸ் கொண்டுபோன மருத்துவமனையில் இருவருக்கும் ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். தாதி என்னிடம் என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கேட்டார். உண்மையைச் சொன்னேன். துவாரங்களை நான்தான் அடைத்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "உங்கள் அம்மாவுக்கும் விளங்கப்படுத்துங்கள். அடுப்பு எரியும் இடத்தில் காற்றுப் போகும் வழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அந்த மனிதர் வந்தது உங்கள் அதிர்ஷ்டம்" என்றார்.

அம்மாவுக்கு நான் ஒன்பது வயதிலிருந்து மொழிபெயர்க்கிறேன். வங்கி, பள்ளிக்கூடம், வைத்தியர், வீட்டுக்காரர், எல்லாவற்றுக்கும் அவருடைய வாய் நான்தான். அம்மா முகமூடியை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"அடுப்புப் பழசாம் அம்மா. காஸ் ஒழுகியிருக்காம்."

தாதி தலையை ஆட்டினார். தான் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கமுடியாதது. அம்மா ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கும், பூசைக்கு வரும் எல்லோருக்கும் சொன்னார். "அந்த நேரத்தில என்ர பிள்ளை இல்லாட்டி நான் இல்லை. என்னை வெளியில இழுத்துக்கொண்டு வந்து, அம்புலன்சுக்கு அடிச்சு, பிரெஞ்சில கதைச்சு எல்லாம் பார்த்தவள். படிப்பிச்சது வீண்போகேல்லை." அம்மாவுக்கு அந்த மனிதர் நினைவிலேயே இல்லை. நான் குசினியில் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். பேந்து சொல்லுவம், பிறகு சொல்லுவம் என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் பேந்துதான்.

படகைக் கரைக்குத் தூக்கினார்கள். நான் சென்ட் லோரன்ட் வீட்டுக்குத் திரும்பினேன். நவம்பர் முடிவில், விழுந்ததும் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்து, எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்கு வளாகத்திலிருந்து வந்தேன். வீட்டுக் கதவு இலகுவில் திறபடவில்லை. தள்ளினால், கீழே இடைவெளியில் ஒரு துவாய் மடித்துத் திணித்திருந்தது. குசினி மேசையில், கோடையில் வெளியே சமைக்க வாங்கிய சின்னக் காஸ் அடுப்பு. அதன்மேல் பெரிய பானை. அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அணையுங்கோ!"

"ஏன் கத்துறாய்? ராத்திரியில இருந்து கரண்ட் இல்லை, குளிக்கத் தண்ணி வைச்சனான்."

"அணையுங்கோ எண்டு சொல்லுறன்!"

"எடியே, இது புது அடுப்பு. பழசுதானே ஒழுகும்?"

அணைத்தேன். கதவையும் யன்னலையும் திறந்தேன். அம்மாவைக் கோட்டோடு பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அந்த அடுப்பின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பனி பிடித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் சுடரை, துவாயை, தாதி சொன்னதை, நான் அதற்குப் பதிலாகச் சொன்னதை.

அம்மா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப என்னை வெளியில தூக்கினது?"

"பக்கத்து வள்ளக்காரர். என்னையும் அவர்தான்."

"அந்த மனுசனுக்கு நான் ஒரு வாய் நன்றி சொல்லேல்லையே. அஞ்சாறு கிழமையா ஊருக்கெல்லாம் பொய் சொல்லித் திரிஞ்சிருக்கிறன்."

"நான்தான் அம்மா பொய் சொன்னது."

"ஓம். நீதான்." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "காத்து வருது எண்டு சொன்னது நான். அடைச்சதுக்கு நான் உன்னை ஏசமாட்டன். ஆனா இனிமேல் அவையள் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. எனக்கு விளங்காது எண்டு நீயே முடிவெடுக்காதை. விளங்காட்டித் திருப்பிக் கேப்பன்."

திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை இருவருமாக சென்ட்-ஆனுக்குப் போய், குளிர்காலத்துக்கு அவர் தங்கும் வீட்டை விசாரித்து, அந்த மனிதரைப் பார்த்தோம். அம்மா தமிழில் சொன்ன நன்றியை ஒரு சொல் குறையாமல் பிரெஞ்சில் சொன்னேன். மாமாவுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். படித்தவள் என்பதற்காக ஒருவர் என்மேல் வைக்கும் நம்பிக்கை எனக்குக் கிடைத்த பரிசு இல்லை, நான் காவல் காக்கவேண்டிய பொருள் என்று இப்போது நினைக்கிறேன். பெருமை இன்னும் இருக்கிறது. அதைச் சுமப்பது முன்னைவிடக் களைப்பாக இருக்கிறது.

போன கிழமை மருத்துவமனைக்கு எழுதி அன்றைய அறிக்கையின் பிரதியை எடுத்தேன். இரண்டு பக்கம். அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்து வந்து, ஒரு நாளைக்கு நாலைந்து வரியாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். நேற்று முதல் பக்கம் முடிந்தது. "துவாரங்களை அடைத்தவர் நோயாளியின் மகள்" என்ற வரி இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. அதையும் எழுதியிருக்கிறேன்.