பந்தைத் தொடாத ஞாயிற்றுக்கிழமைகள்

நியூசிலாந்தின் தென்கோடியில் பால்பண்ணை வேலைக்கு வந்திருக்கும் எங்கள் பிலிப்பைன்ஸ்காரர்களில் மரிபெல்லைத் தெரியாதவர் இல்லை. வாய் அதிகம் என்பார்கள். எங்கள் நாட்டு இலோய்லோ நகரில் மாட்டு வைத்தியம் படித்தவள். சவூதிப் பண்ணையில் ஆறு வருஷம், இங்கே பன்னிரண்டு. முதல் முதலாளியிடம் "சரி சார்" சொல்லியே இடுப்பொடிந்தவள். நிரந்தரமாகத் தங்க அனுமதி வந்த அன்றே அந்த இரண்டு சொல்லையும் தலைமுழுகிவிட்டாள். அதன்பின் எந்தப் பண்ணைக்கு எங்கள் ஆள் புதிதாக வந்தாலும் அடோபோ கறியோடு போய் நிற்பாள். "லீவு குடுக்கறானா?" என்பதுதான் முதல் கேள்வி.

கன்று ஈனும் ஆகஸ்ட் மாதத்தில் அவள் பண்ணையிலேயே வம்பு வந்தது. கறவை மேடையில் தடுப்புக் கம்பி உடைந்திருப்பதை அங்கே கறவை வேலை பார்க்கும் எங்கள் ஆள் ஜொவென் இரண்டு முறை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த இடைவெளியில் ஒரு பசு உதைத்து அவன் வலது மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் தேநீர் அறையில் முதலாளி கிரெய்க் அவனிடம் விபத்து இழப்பீட்டுப் படிவம் ஒன்றை நீட்டினார். 'கூடைப்பந்து ஆடும்போது விழுந்தேன்' என்று அதில் எழுதியிருந்தது.

"ஞாயித்துக்கிழமையானா பந்தும் கையுமா அலையறவங்கதானே நீங்க? யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பண்ணையில அடிபட்டதுன்னா விசாரணைக்கு வந்துடுவாங்க. உன் விசாவுக்குக் கடுதாசி நான்தானே குடுக்கணும், ஜொவென்?"

"சரி சார்."

"சார் எதுக்கு? கிரெய்க்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்றது!"

ஊரில் மூன்று பிள்ளைகள் அவன் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள். இடது கையால் பேனாவை எடுத்தான். எதிரே தேநீரோடு இருந்த மரிபெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலைக் கிழித்து மேஜையில் போட்டாள்.

"உங்க கையெழுத்துதானே? இருபத்துமூணு நாளா இவனுக்கு லீவே இல்ல. நேத்தும் ரெண்டு கறவை. எப்பய்யா பந்து ஆடினான், பசு மடியிலயா? ஜூலையிலேருந்து எங்க ஆளுங்க யாரும் பந்தையே தொடல. ஆள் சேந்தாத்தானே ஆட்டம்!"

கிரெய்க்கின் முகம் சிவந்தது. "நீ இருக்கற வீடு பண்ணை வீடு. ஞாபகம் வச்சுக்கோ."

"எடுத்துக்குங்க. எனக்குக் கார்லயும் தூக்கம் வரும்." பயமாகத்தான் இருந்தது, கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஜொவென் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன் இஷ்டம். ஆனா நீ கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அதே கம்பிகிட்ட இன்னொருத்தன் நிப்பான். விசாவுக்கு ஆபத்துன்னா நானும் உன்கூட ஆபீஸ் ஆபீஸா ஏறுறேன்."

ஜொவென் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கோணல்மாணலாக எழுதினான்: கறவை மேடை, உடைந்த கம்பி.

"என்ன எழுதற நீ?"

"நடந்ததை, கிரெய்க்."

இரண்டு வருஷத்தில் அவன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.