காலி டிப்பரின் எடை

பகல் இரண்டே கால் மணி. திருச்சுழி சாலையோரக் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு டிப்பரில் ஏறியவன், முன்னால் இருந்த சின்னத் திரையைத்தான் முதலில் பார்த்தேன். காலி வண்டியின் பின் அச்சில் நூற்றிருபது கிலோ கூடியிருந்தது.

இரும்புப் பட்டைகளுக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் வண்டி அது. பைகளின் அழுத்தத்தைத் திரை எடையாகக் காட்டும். அதைப் பற்றிச் செய்தி எழுதத்தான் கூடப் போயிருந்தேன்.

ஓட்டுநர் செல்வராஜ் எண்ணைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அய்யா ஏறிட்டாக சார். துணைக்கு வாராக."

"பின்னால தார்ப்பாயத் தூக்கிப் பார்த்திருவோமா?"

"சாமியவே செக் பண்ணுவீகளோ? பேசாம உக்காருங்க."

நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. எண்ணும் மாறவில்லை.

பாலவனத்தம் அருகே கிரஷரில், பொக்லைன் ஒரு வாளி ஜல்லியை டிப்பருக்கு மேலே தூக்கியது. "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

வந்ததுமே செல்வராஜிடம் சாமி ஏறிய கதையைக் கேட்டிருந்த பொக்லைன்காரர் எட்டிப் பார்த்தார். "ஏலே செல்வராசு, ஒன் சாமிக்கு ஜல்லி ஆகாதாக்கும்?"

நான் பக்கவாட்டில் ஏறி, உள்ளே குவிந்து கிடந்த தார்ப்பாயை இழுத்தேன். அடியில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏறிய கூலியாள்.

"பஸ்ஸு வரல, அதான்... ஊரு வந்திருச்சாய்யா?" என்று கண்ணைக் கசக்கினார்.

தார்ப்பாயை முழுவதும் விரித்துப் பார்த்தோம். வேறு யாரும் இல்லை. அவர் இறங்கியதும் திரையில் அறுபது கிலோ குறைந்தது. மீதி அறுபது அப்படியே நின்றது.