மாசி இல்லாத சட்னி

எங்கள் வீட்டில் மாசி ஒரு மீன் என்று யாரும் நினைத்ததே இல்லை. உப்பு, புளி, மிளகாய் மாதிரி அதுவும் தன்பாட்டுக்குச் சம்பலில் விழும். அதனால்தான் ஒன்பது வயதில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். செய்துவிட்டு, கடைசியில் வெற்றிக்கொடியும் நாட்டினேன்.

எங்கள் வீடு வத்தேகமவில். வாப்பாவோடு படித்த சிநேகிதர் ஒருவர் கலஹாப் பக்கம் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தார். அவரை நாங்கள் அங்கிள் என்போம். உம்மாவின் புரியாணியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். அந்த வருடம் சபரிமலைக்குப் போக மாலை போட்டு விரதம் இருந்தார். புறப்படுமுன் சொல்லிக்கொண்டு போக வருவதாக வாப்பாவுக்கு போன் செய்தார்.

"மாலை போட்டவரு நம்மட ஊட்டுல கை நனைப்பாரா?" என்றார் மாமி, வாப்பாவின் அக்கா. மாமியின் வாயில் நல்ல வார்த்தை வருவது அத்தி பூத்தாற்போலத்தான்.

உம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்ட ஊட்டுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போன சரித்திரம் இல்ல மதினி. பாத்துக்கிட்டே ஈங்க."

மறுநாளே புதுத் தாச்சி, புதுக் கரண்டி, புதுத் தட்டு, கிண்ணம், எண்ணெய்ப் போத்தல் எல்லாம் வந்து இறங்கின. மீன் பொரிக்கிற பழைய தாச்சி வீட்டுக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்தது. கத்தரிக்காய் பஜ்ஜி, உருளைக்கிழங்கு போண்டா, பருப்பு வடை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. சட்னி என் பொறுப்பு என்று உம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கிள் வரும் நாளில் தேங்காய், பச்சை மிளகாய், புளி எல்லாம் கிரைண்டரில் போட்டு அரைத்தேன். நக்கிப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. கை தானாகவே போத்தலைத் திறந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டது. இன்னொரு சுற்று அரைத்ததும் ருசி தூக்கியது.

என் அண்ணன், நானா, வந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். "மாசி நல்லாப் பிடிச்சீக்கிது."

"மாசியா?" உம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். "யா அல்லாஹ்! அது மீன் தானே மகள்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கதிரையில் இருந்த மாமி, "நான் அப்பவே சொன்னேனே" என்றார். வீட்டில் வேறு தேங்காய் இல்லை. கிரைண்டர் முழுக்க மாசி வாசம். வாசலில் வாப்பாவின் குரல் கேட்டது, "வாங்க, வாங்க" என்று. எனக்கு அழுகை முட்டியது.

அழுதபடி அலுமாரிப் பக்கம் திரும்பினேன். சவூதியில் இருந்து உறவுக்காரர் அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டி, பிரிக்காமல் இருந்தது.

"உம்மா, பேரீச்சம்பழத்துக்கு மாசி போடுறதில்லையே!"

உம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார். புதுக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அவர் கொட்டையை எடுத்துப் போடப் போட, நான் புளியும் மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்துக் கையாலேயே பிசைந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிசைந்து முடித்தேன்.

முன்னறையில் அங்கிள் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலை. உம்மா தட்டை அவர் முன்னால் வைத்தார்.

"தாச்சி, எண்ணெய் எல்லாம் புதுசு. மீன், எறச்சி ஒண்டும் படல்ல."

தட்டின் ஓரத்தில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. அங்கிள் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மாலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். மாமி கதவோரம் நின்று கழுத்தை நீட்டினார்.

அவர் ஒரு பஜ்ஜியை எடுத்துச் சட்னியில் முக்கிக் கடித்தார். பிறகு ஒரு வடை. பிறகு ஒரு போண்டா.

"சட்னி யாரு தங்கச்சி செஞ்சது?"

உம்மா என்னை முன்னால் தள்ளினார்.

"இப்படி ஒரு சட்னி நான் சாப்பிட்டதே இல்ல பாப்பா," என்று கடைசிப் பஜ்ஜியால் கிண்ணத்தை வழித்தார். அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மாமியிடம் போனேன். "பாத்தீங்களா மாமி?" மாமி மிச்சமிருந்த போண்டாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

வாப்பாதான் அங்கிளை வழியனுப்பப் போனார். வழக்கமாகக் கேற்றோடு நின்றுவிடுகிறவர், அன்று அங்கிளோடு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தார். வாப்பாவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. சிநேகிதரைக் கண்ட சந்தோசத்தில் வாப்பா செருப்பை மறந்துவிட்டுப் போகிறார் என்று நானும் நானாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பல வருடங்களுக்குப் பிறகு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஒருவன் மாலை போட்டிருந்தான். தேநீர் குடிக்கக் கூப்பிட்டேன். "மாலை போட்டா வெளியில பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டோம். எங்க வீட்டுல அப்படித்தான்," என்றான்.

"புதுத் தாச்சியில செஞ்சாலுமா?" என்று கேட்டேன்.

"எதுல செஞ்சாலும்தான்," என்று சிரித்தான்.

என் சட்னிதான் ஜெயித்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கிள் எதை மீறிச் சாப்பிட்டார் என்று வாப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. செருப்பை அவர் மறக்கவில்லை.