செத்த நேரம் பொறுங்க

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பராக இருந்த ஸ்டான்லிக்கு, வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகிற நல்ல பழக்கம் இருந்தது. 2007-இல் எதிர்ச் சந்தில் பீர் முகமது பிரவுசிங் சென்டர் திறந்தார். அந்தப் பழக்கம் கெட்டது. அங்கே ஐந்து பையன்கள் அணி கட்டிக்கொண்டு, எந்த ஊரிலோ இருக்கும் வேறு ஐந்து பேரோடு கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை போட்டார்கள். ஸ்டான்லிக்கு ஆடத் தெரியாது. திரையை உற்றுப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனாலும் யார் வந்தான், யார் வரவில்லை, எந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள், யார் எத்தனை தடவை செத்து எழுந்தான் என்று யாரும் கேட்காமலேயே எழுத ஆரம்பித்தார்.

சும்மா எழுதினால் போகட்டும். நேரம் தவறி வந்த பேருந்தை நிறுத்துவதுபோல, லேட்டாக வந்தவனை ஓர் ஆட்டம் வெளியே நிறுத்தினார். காய்ச்சல் என்றால் மருந்துச் சீட்டு கேட்டார். கரண்டு போய் நின்ற ஆட்டத்தை ‘வழியில் பழுது’ என்று பதிந்தார். பையன்கள் பொறுத்துக்கொண்டார்கள், கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. தங்களுக்குள் ‘ஏலே’ என்று ஏசிக்கொள்பவர்கள் அவரை ‘சார்’ என்றார்கள். அணியைப் படம் எடுக்கும்போது கேமராவை அவர் கையில் கொடுத்தார்கள். நாற்பதை நெருங்கும் மனிதருக்கு இதெல்லாம் ஒரு குறையா என்றால், ஆமாம், பெரிய குறைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் அணியோடு மூன்று ஆட்டப் போட்டி. இரண்டாவது ஆட்டம் நடக்கும்போது சென்டர் போன் அடித்தது. ஸ்டான்லி எடுத்தார்.

“ஏனுங்க, கீரனூர் மலைச்சாமி பேசறனுங்க. விக்னேஷ்குமார் இருக்கானுங்களா?”

அணியின் ஐந்தாவது ஆள் விக்னேஷ்குமார். காலேஜ் ஹாஸ்டல் நம்பர் என்று சொல்லி அவன் இந்த நம்பரை வீட்டில் கொடுத்திருந்தது ஸ்டான்லிக்குத் தெரியாது.

“இப்பத்தான் செத்தான்,” என்றார்.

“எப்படிங்க?”

“கோயம்புத்தூர்க்காரய்ங்க பின்னாடி வந்து சுட்டுட்டாய்ங்க. எம்புட்டுச் சொன்னாலும் திரும்பிப் பாக்க மாட்டான்.”

“உடம்பு?”

“அது அங்கனயே கெடக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க.”

“நாங்க எங்கீங்க வரணும்?”

“பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த சந்து, பிரவுசிங் சென்டரு. செத்த நேரம் பொறுங்க, அவனே எந்திரிச்சு...”

லைன் எப்போதோ அறுந்திருந்தது.

அந்த ஆட்டத்தைப் பையன்கள் ஜெயித்து, ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தார்கள். சாயங்காலம் மூன்றாவது ஆட்டம் தொடங்கப்போகிற சமயம் வாசலில் வேன் வந்து நின்றது. கையில் மாலையோடு மலைச்சாமி இறங்கினார். பின்னால் அவர் மனைவி சண்முகவள்ளி நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தார். காதில் ஹெட்போனோடு விக்னேஷ்குமார் திரும்பிப் பார்த்தான். தாய் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு விட்டார் ஓர் அறை. கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மலைச்சாமி அதை மானிட்டர்மேல் வைத்தார்.

“நான் சொன்னேன்லங்க, எந்திரிச்சிருவான்னு,” என்றார் ஸ்டான்லி.

மலைச்சாமி மகனை இழுத்துப்போய் வேனில் ஏற்றினார். ஐந்து பேர் இல்லாவிட்டால் ஆடாமலேயே தோல்வி. அணித் தலைவன் சேவியர் சுற்றும் முற்றும் பார்த்தான்.

“சார், வேற வழியில்ல. நீங்க உக்காருங்க.”

ஸ்டான்லி உட்கார்ந்தார். தலை சுற்றியது. கைக்கு அகப்பட்ட பொத்தானை அமுக்கி, நேரே போய் ஒரு சுவரில் முட்டி நின்றார். முதுகில் குண்டு பாய்ந்தது. அடுத்த சுற்றிலும் அதே சுவர்.

“ஏலே ஸ்டான்லி,” என்று கத்தினான் சேவியர், “செவுத்துல என்னலே தேடுற? திரும்புலே.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். “சார், வாய் தவறி...”

“இல்லலே, சொல்லு,” என்றார் ஸ்டான்லி. “எந்தப் பக்கம் திரும்பணும்?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரை சுத்தமாகத் தெரியவில்லை. சேவியர் பக்கத்தைச் சொல்வதற்குள் மறுபடியும் செத்திருந்தார்.