பஸ்மினா பாஸ் போடாத வெள்ளிக்கிழமை

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவள் பெயர் வரவில்லை. எங்கள் மருதமுனையில் பெண்களின் மௌத்தை, மரணச் செய்தியை அறிவிக்கும்போது இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். காலைச் சாப்பாட்டில் இருந்த நான் யாரோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "சாரன் வியாபாரி உதுமாலெப்பை அவர்களின் மூத்த மகள்" என்றதும் சாப்பாட்டை விட்டு எழுந்தேன்: பஸ்மினா. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள் தேறிவருகிறாள் என்றுதான் நேற்று வரை நம்பியிருந்தேன்.

பஸ்மினாவும் நானும் கல்முனையில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடி அலுவலகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வெளிநாட்டுக் கம்பனிகளின் கைப்பேசி விளையாட்டுகளைச் சோதிக்கும் தொடக்கநிலை வேலை. ஒரே கட்டத்தை நாள் முழுக்க விளையாடி, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அலுத்துப்போய் வேலையை விட்டு நின்றவர்கள் பலர். பஸ்மினா பிழையை எழுதியதோடு விடமாட்டாள். ஏன் அப்படி ஆனது என்று விளையாட்டை ஆக்கியவர்களிடமே கேட்டு, வந்த பதிலை எங்களுக்கும் சொல்வாள். "விளையாட எல்லாருக்கும் ஏலும்டி. உடைக்கத்தான் நமக்குச் சம்பளம்" என்பாள்.

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதை அவளை அறிந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். "நிரந்தரமாக்கினாப் போ, இல்லாட்டி வந்து கடையப் பாரு" என்று வாப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் எல்லாருக்குமே தகுதிகாண் காலம் முடிய இருந்த நேரம் அது. முடிவு எங்கள் குழுத் தலைவர் நவாஸ் சேரின் கையில் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்கு முன்னர் ஒரு விளையாட்டுக்கு, பிழை இல்லை என்று 'பாஸ்' போட்டு அனுப்ப வேண்டும். தோட்டம் செய்யும் விளையாட்டு அது. "பனிக்குள்ள கரட் நடுறானுகள், ஒரு பிடி நெல்லு விதைக்கத் தெரியா" என்று பஸ்மினா அதைக் கிண்டலடிப்பாள். ஆண்கள் ஜும்ஆவுக்குப் போனார்கள். நாங்கள் பின்னறையில் லுஹர் தொழுதோம். திரும்பிவந்து தன் கைப்பேசியை எடுத்தவளின் முகம் மாறியது. அவள் வளர்த்த தோட்டம் முழுவதும் காணாமல் போய், வெறும் மண் இருந்தது.

நவாஸ் சேர் வந்தார். "எங்க, திரும்ப ஒருக்காக் காட்டுங்க பார்ப்பம்" என்றார். அதற்குள் அவள் விளையாட்டை மூடித் திறந்திருந்தாள்; தோட்டம் திரும்பி வந்திருந்தது. அவளால் காட்ட முடியவில்லை. நானும் முயன்றேன். மூடினோம், திறந்தோம், இணையத்தைத் துண்டித்தோம். தோட்டம் பச்சையாகவே நின்றது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

"காத்துக் கறுப்பப் பார்த்திருப்பீங்க. பாஸ் போடுங்க. உங்கட நிரந்தரம் என்ட கையில கிடக்கு, மறந்திராதீங்க."

"கிடக்கட்டும் சேர். என்ட கண்ணால கண்டதக் காணல்ல எண்டு எழுத மாட்டன்."

பேசாமல் இருடி என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உதறிவிட்டுச் சட்டென்று கேட்டாள்: "தொழப் போகக்குள்ள நாம எல்லாரும் கேமை மூடிட்டுத்தானே போற? இண்டைக்கு அவசரத்துல சத்தத்த மட்டும் குறைச்சு நான் கவுத்து வெச்சிட்டுப் போனன்."

உண்மைதான். பாங்கு நேரத்தில் விளையாட்டின் பாட்டுக் கேட்கக்கூடாது என்று நாங்களாகவே பழகிய மரியாதை அது. அதனாலேயே, மூடாமல் நெடுநேரம் விட்டால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

எங்கள் எல்லாருடைய கைப்பேசிகளிலும் அந்த விளையாட்டைத் திறந்து, மேசை நடுவில் கவிழ்த்து வைத்தாள். "ஒருத்தரும் தொடப்படா." எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். சேர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் அவளை முறைப்பதுமாக நடந்தார். பஸ்மினாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அஸர் பாங்கு தொடங்கி முடிந்தது. அவள் கைப்பேசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் வெறும் மண்.

விளையாட்டு பாஸ் ஆகாமல் திரும்பிப் போனது. இதே பிழையைத்தான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தோம் என்று அதை ஆக்கிய கம்பனி எழுதியது; அடுத்த வேலையையும் எங்களுக்கே தந்தது. அதன் பேரில் எங்கள் எல்லாரையும் நிரந்தரமாக்கினார்கள், அவளைத் தவிர. தலைவருக்குக் கட்டுப்படவில்லை என்று அவளுடைய தகுதிகாண் காலத்தை நீட்டினார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவளோ, "இன்னும் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிப் பார்க்காங்களாக்கும்" என்று சிரித்தாள். அந்த நீட்டிப்பு முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

ஜனாஸாவை அடக்கிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்ற அவள் வாப்பா என்னைக் கண்டு கிட்ட வந்தார். "மகள்ட வேலய நிரந்தரமாக்கினாங்களா, புள்ள?"

ஓம் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் கொஞ்சம் ஆறுவார். வாய் வரை வந்த சொல் அது. ஆனால் பஸ்மினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: நடக்காததை நடந்ததாகச் சொல்லாமலிருப்பது.

"இல்ல மாமா" என்றேன். "அவவ ஆக்கல்ல. எங்க எல்லாரையும் நிரந்தரமாக்கினது அவதான்."