கதவின் மூன்றாவது நிலை

ஓசூர் சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கிருஷ்ணப்பன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நாகரசம்பட்டியில் மாந்தோப்புக் கூலிக்குப் போன குடும்பத்தில் ஐ.டி.ஐ. முடித்த முதல் ஆள். பிரஸ் மெஷின் படுத்துவிட்டால், பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினீயர் வரும்வரை மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். இவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இன்ஜினீயர் வந்து இறங்கும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

2004இல் அவன் மனைவி வினோதாவுக்குக் கண் இமை தொங்க ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருப்பாள். சாயங்காலமானால் ஒன்று இரண்டாகத் தெரியும், சாப்பிட்டு முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகும். தூக்கக் கலக்கம் என்றார்கள், உடம்பில் சத்தில்லை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி காத்து கருப்பு என்றே முடிவு கட்டிவிட்டாள். மூன்று மாதம் அலைந்த பிறகு பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில்தான் நோய் பிடிபட்டது.

அங்கே தமிழ் பேசும் டாக்டரம்மா ஒருவர், சீட்டின் பின்புறத்தில் படம் போட்டே காட்டினார்.

“நரம்புல இருந்து ஒரு ரசாயனம் வரும். தசை மேல இருக்கிற சின்னச் சின்னக் கதவுல அது ஒட்டும். ஒவ்வொரு கதவும் அஞ்சு துண்டு வட்டமா நிக்கிற மாதிரி. ரெண்டு இடத்துல ரசாயனம் வந்து உக்காந்ததும், அஞ்சும் லேசா முறுக்கிக்கிட்டு விலகும். நடுவுல வழி வரும். உப்புத் துகள் உள்ள பாயும், தசை வேலை செய்யும். உங்க சம்சாரத்துக்கு உடம்பே அந்தக் கதவுகள அழிக்குது. இந்த மாத்திரை, வந்த ரசாயனம் சீக்கிரம் அழிஞ்சுபோகாம பாத்துக்கும். மிச்சம் இருக்கிற கதவாவது திறக்கும்.”

கிருஷ்ணப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சொலினாய்டு வால்வு மாதிரிங்களா மேடம்? கரண்டு வந்தா உள்ள ஸ்பூல் நவுரும், ஆயிலு போவும்.”

“கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா எழுதின அளவுக்கு மேல ஒண்ணுகூடப் போடக் கூடாது.”

முன்பாதி அவன் மனதில் பதிந்தது. பின்பாதியை, எல்லா டாக்டர்களும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டான்.

மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் இமை மேலே ஏறும். அவள் பழையபடி சிரிப்பாள். ஷிஃப்டில் இருந்தாலும் நேரம் பார்த்து போன் செய்து அவளை மாத்திரை விழுங்க வைப்பான். “உங்க மெஷினக்கூட இப்பிடிப் பாக்க மாட்டீங்களாட்டம் இருக்குது” என்று அவள் கேலி செய்வாள்.

மார்கழியில் அவளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை போட்டும் இமை ஏறவில்லை. வால்வு ஒட்டிக்கொண்டால் கம்பெனியில் என்ன செய்வார்கள்? திரும்பத் திரும்ப சிக்னல் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டாவது மாத்திரை கொடுத்தான், பிறகு மூன்றாவது. விழுங்க முடியாமல் அவள் திணறியதால் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கரைத்து ஊட்டினான். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, எச்சில் வழிந்தது. கெண்டைக்காலில் சதை துள்ளியது.

“பாரு வினோதா, சதை துடிக்குது. வேலை செய்யுது!”

“வயிறு பெரட்டுதுங்க. போதுங்க.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நீயே எந்திரிச்சி நடப்ப.”

அவள் வாயைத் திறந்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் கையால் அவளுக்குக் கெட்டது எதுவும் வந்ததில்லை.

மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாடகைக் கார் பிடித்துப் பெங்களூருக்கு ஓடினான். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் வழி விடவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். ஒன்பதாம் நாள், நுரையீரலில் கிருமி சேர்ந்து அவள் போய்விட்டாள்.

எத்தனை மாத்திரை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த டாக்டரம்மா, அவனைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். “அந்தக் கதவுக்கு மூணாவதா ஒரு நிலை உண்டு. மாத்திரை அளவுக்கு மேல போயி ரசாயனம் விடாம ஒட்டியே இருந்தா, கதவு வேற விதமா முறுக்கிக்கிட்டு மூடிக்கும். ரசாயனம் ஒட்டியிருக்கும், ஆனா வழி இருக்காது. மூச்சு இழுக்கிற தசையும் ஓஞ்சுபோகும். அது விலகினாத்தான் கதவு பழையபடி ஆகும்.”

“அப்ப நான் கைய கட்டிக்கிட்டு சும்மா இருந்திருந்தா?”

“காய்ச்சலாலயும் ஆகியிருக்கலாம்” என்றார் டாக்டரம்மா. அது இரக்கம் என்று புரியாத அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. ஒரு வாய் கூட இறங்காமல் அன்று முழுக்க அழுதான்.

மத்தூரில் வினோதாவின் தாய் வீட்டில் காரியம் நடந்தது. பந்தி முடிந்து சொந்தபந்தம் உட்கார்ந்திருந்தபோது மாமியார் சாந்தம்மா அவன் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“எம் மவளுக்கு ஆயுசு அவ்ளோதான். ஆனா ஒரு வேள தவறாம இவுரு கையாலதான் மருந்து குடிச்சா. கடைசி நாளும் கூழுல கரைச்சி ஊட்டியிருக்காரு. பெத்த நாங்கூட அப்பிடிப் பாத்திருக்க மாட்டேன்.”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. சொல்லிவிட வேண்டும் என்று கிருஷ்ணப்பன் நிமிர்ந்தான். அதற்குள் சாந்தம்மா அவன் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவன் கையை இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை.